வினைச்சொல் கடைசியில் வரும்

ஜூலை 21

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இப்போது குளிர்காலம். ஐந்தேகால் மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுகிறது. கல்லூரியின் மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு வெளிச்சம் கிடைப்பதே அரிது. இந்தப் பருவத்தின் செய்முறை வேலை, வீட்டிலுள்ள ஒருவரைப் பற்றி ஐந்து புகைப்படமும் இரண்டு நிமிட வீடியோவும். எல்லாம் கைபேசியில்தான்.

இன்று ஜன்னல் வெளிச்சம் பற்றிப் பேசினேன். நான் ஊரில் படித்த புத்தகங்கள் வடக்கு ஜன்னலைத்தான் மெச்சும், நேர்வெயில் விழாது என்று. இங்கே சூரியன் வடக்கு வானத்தில் போகிறது. இதமான வெளிச்சம் தெற்கு ஜன்னலில்தான். இணையத்தில் பார்த்ததை நம்பி ஒரு பையன் தன் அப்பாவை வடக்கு ஜன்னலோரம் உட்காரவைத்திருக்கிறான். பத்துப் படத்திலும் அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கிறார்.

ஜூலை 29

மூன்று பேரின் வீடியோவில் கறுப்புப் பட்டைகள் ஓடின. குழல்விளக்கின் வேலை. இங்கு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த விளக்கு நொடிக்கு நூறு தடவை மங்கித் தெளியும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் பட்டை போய்விடும். சரி, அது முடிந்தது.

ஆகஸ்ட் 3

ஒரு மாணவி தன் பாட்டியை, அவள் வாயில் ஆயாவை, எடுக்கிறாள். "ஆயா பேசுறது எனக்குப் புரியாது, சார், நீங்க வாங்க" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். டர்பனின் புறநகரான சாட்ஸ்வர்த் போனேன். ஆடி மாதம், அடுப்பில் கூழ். முந்தின நாளே கரைத்துப் புளிக்கவைத்த மக்காச்சோள மாவு. ஆயா கரண்டியைத் தூக்கிப் பிடித்து, கூழ் விழுகிற கனத்தைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டார். "வாங்க தம்பி, குடிச்சுட்டுப் பேசலாம்."

அவர் பிறந்தது மேகசின் பேரக்ஸ். டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பு அது. 1950-இன் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின்படி, அறுபதுகளில் அங்கிருந்தவர்களை சாட்ஸ்வர்த்துக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். பேரக்ஸில் எல்லாரும் ஒரே குழாயடியில் நின்றதையும், யார் வீட்டுச் சாவு என்றாலும் யார் வீட்டிலும் உலை ஏறாததையும் ஆயா சொன்னார். இவள் எடுத்துக்கொண்டே இருந்தாள். ஒலிவாங்கியைச் சட்டைக் காலரில் மாட்டச் சொன்னது நல்லதாகப் போயிற்று.

ஆகஸ்ட் 9

இந்த நாட்டின் மகளிர் தினம், விடுமுறை. வெட்டித் தொகுத்த முதல் வடிவத்தை அனுப்பியிருந்தாள். தெற்கு ஜன்னல் வெளிச்சத்தில் ஆயாவின் கை அவ்வளவு அழகு. ஆனால் பேச்சைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆயா "அங்க நாங்க கஷ்டப்பட்டோம்" என்கிறார், படம் உடனே அடுப்புக்குப் போய்விடுகிறது.

அன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். அவர் சொன்னது இது: "அங்க நாங்க கஷ்டப்பட்டோம்..." ஒரு நீண்ட மௌனம். அப்புறம், "அப்படின்னு நான் சொல்ல மாட்டேன்."

மொழி தெரியாத பிள்ளை ஒலி அலையைப் பார்த்து வெட்டியிருக்கிறாள். கோடு தட்டையான இடத்தில் வாக்கியம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. தமிழில் 'இல்லை'யும் 'மாட்டேன்'னும் கடைசியில்தான் வந்து உட்காரும். அதுவரை பேசுகிறவர் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். இதை முதல் வகுப்பிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் இப்படி ஒரு பாட்டி உண்டு. தமிழோ தெலுங்கோ பேசுகிறவர்.

ஆகஸ்ட் 14

அவளோடு உட்கார்ந்து மறுபடி வெட்டினோம். மௌனம் நான்கு நொடி. "ரொம்ப நீளமா இருக்கே, சார்?" என்றாள். அப்படியே இருக்கட்டும் என்றேன். அந்த நான்கு நொடியில் ஆயா கரண்டியைக் கீழே வைக்கிறார்.

அடுத்தது ஆங்கில வசன வரி. மொத்த வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் போட்டால் 'சொல்ல மாட்டேன்' முன்னால் வந்து, ஆயா வாய் திறக்கும் முன்பே விஷயத்தை அவிழ்த்துவிடும். ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினோம். கடைசியில் இரண்டாகப் பிரித்தாள். முதல் வரியில் கஷ்டப்பட்டோம் என்பது மட்டும். நான்கு நொடி திரையில் எழுத்தே இல்லை. அப்புறம் மீதி.

ஓட்டிப் பார்த்தபோது, அந்த இடம் வந்ததும் அவளும் ஆயாவோடு சேர்ந்து "மாட்டேன்" என்றாள். 'ட்'டை அழுத்தி, சரியாக.