டூக்கே காட்டில் தரையைப் பார்த்து நடந்த நாட்கள்

பிப்ரவரி 3, மனாவுஸ் (பிரேசிலின் அமேசான் காட்டு நகரம்)

வந்து இரண்டு நாள் ஆகிறது. இன்று முழுக்க இன்பாவின் ஹெர்பேரியத்தில், உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிச் சேமிக்கிற இடத்தில், கழிந்தது. 1952-இல் தொடங்கிய அமேசான் ஆராய்ச்சி நிறுவனத்தைத்தான் இங்கே எல்லோரும் இன்பா என்கிறார்கள். காட்டின் அடித்தளத்தில் பூக்கும் செடிகளை மட்டும் பார்க்கணும் என்று கேட்டேன், அலமாரி அலமாரியாகத் திறந்துவிட்டார்கள்.

பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் உறுத்தியது. மரத்தின் கிளையை உலர்த்தினால் அது ஓரளவு அந்தக் கிளையாகவே இருக்கிறது. இந்தச் செடிகள் அப்படியில்லை. பாதிக்கு மேல் தண்ணீர். அதுவும் இந்த ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க முதலில் சாராயத்தில் நனைத்துத்தான் காட்டிலிருந்து கொண்டுவர வேண்டியிருக்கிறது, அதில் மிச்ச நிறமும் போய்விடுகிறது. கோப்பெர்டியா என்கிற செடி ஒன்றின் தாளை எடுத்துப் பார்த்தேன். இலை காய்ந்த புகையிலை மாதிரி, பூ இருந்த இடத்தில் கசங்கிய ஒரு சவ்வு, லேபிளில் "பூ வெள்ளை" என்று ஒரே சொல். எழுதியவர் மழையில் நின்று எழுதியிருப்பார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பூ எப்படி இருந்தது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. எனக்குச் சேகரிக்க அனுமதி கிடையாது, நோட்டும் பென்சிலும் ஒரு கைலென்ஸும்தான். அதனால் நாளை முதல் உயிரோடு இருக்கிற பூவின் முன்னால் உட்கார்ந்து, அங்கேயே எழுதி முடிப்பது என்று வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 4

டூக்கே காப்புக்காடு. பத்துக்குப் பத்து கிலோமீட்டர், மொத்தம் 100 சதுர கிலோமீட்டர், தாவரவியலாளர் அடோல்ஃபோ டூக்கேயின் பெயர் வைத்திருக்கிறார்கள். மனாவுஸ் நகரம் வளர்ந்து வளர்ந்து இப்போது காட்டின் விளிம்பையே தொட்டு நிற்கிறது. பேருந்துச் சத்தம் கேட்கிற இடத்திலிருந்து கால் மணி நேரம் உள்ளே நடந்தால் சத்தம் அடங்கி வெளிச்சமும் குறைந்துவிடுகிறது. மேலே விழுகிற வெயிலில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் தரைக்கு வருகிறது. இலைகளுக்கு நடுவே ஒரு காசு அளவுக்கு வெயில் இறங்கி, ஒரு இலையின் மேல் கொஞ்ச நேரம் நின்று, நகர்ந்துவிடுகிறது. இங்கே தரையில் இருக்கிற செடி அந்தக் கொஞ்ச நேரத்தை நம்பித்தான் வாழ்கிறது.

கூட வந்தவர் ஒரு மதெய்ரோ. காட்டை வாசனையிலும் பட்டையிலும் படித்தே வளர்ந்தவர்களை இங்கே அப்படிச் சொல்கிறார்கள். அவர் சொன்ன முதல் பாடம்: மண்டியிடுவதற்கு முன்னால் இடத்தைப் பார். துக்காந்தெய்ரா எறும்பு கடித்தால் ஒரு நாள் முழுக்க வலிக்குமாம். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் சருகைக் குச்சியால் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

இன்றைக்கு ஹெலிகோனியா அகுமினாட்டா. இடுப்பளவு உயரம், இலை ஒரு சின்ன வாழை இலையே, நடு நரம்பிலிருந்து பக்கத்துக்குக் கிழிகிற விதம்கூட அதேதான். சிவந்த பூவடிச்செதில்கள் படகு மாதிரி ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கமாக நிற்கின்றன. எல்லோரும் பூ என்று படம் எடுப்பது அதைத்தான். நிஜப் பூ அந்தப் படகுக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கிற வெள்ளைக் குழாய். காலையில் விரிந்து ஒரே நாளில் முடிந்துவிடும். உள்ளே ஐந்து மகரந்தத்தாள் வேலை செய்கிறது, ஆறாவது மலட்டுத்தாளாகிச் சிறுத்துவிட்டது. கைலென்ஸ் இல்லாமல் அதைப் பார்க்க முடியாது. நீண்டு வளைந்த அலகுள்ள ஹெர்மிட் என்கிற ஹம்மிங் பறவைகள்தான் இதற்கு ஆள். நான் இருந்த இரண்டு மணி நேரத்தில் ஒன்று ஒரே ஒரு முறை வந்தது, "ட்ர்ர்" என்று காதுக்குப் பக்கத்தில் ஒரு சத்தம், பார்ப்பதற்குள் போய்விட்டது.

இதே செடியைப் பற்றி மனாவுஸுக்கு வடக்கே, 1979-இல் தொடங்கிய துண்டுக்காடுகள் ஆய்வில் பல வருடமாகத் தொடர்ந்து பார்க்கிறார்கள். மேய்ச்சல் நிலத்துக்கு நடுவே தீவு மாதிரி மிஞ்சிய காட்டுத்துண்டில் போட்ட விதையைவிட, தொடர்ந்த பெருங்காட்டில் போட்ட விதை 3 முதல் 7 மடங்கு அதிகமாக முளைக்கிறது என்று 1999-இல் வெளியிட்டார்கள். மரம் அப்படியே நிற்கிறது, தரை மட்டும் சூடேறிக் காய்ந்துவிடுகிறது. மேலே பார்த்துவிட்டு "காடு இருக்கிறது" என்று சொல்கிறவர்களுக்கு இந்தச் செடியைக் காட்ட வேண்டும்.

பிப்ரவரி 5

இன்று காலை ஆறரைக்கு உட்கார்ந்தவன் பதினொன்றுக்குத்தான் எழுந்தேன். எல்லாம் ஒரே கோப்பெர்டியாவின் முன்னால். (முன்பு கலாத்தியா என்ற பேரினத்தில் இருந்தவை. 2012-இல் மரபணு அடிப்படையில் பிரித்தபோது பெரும்பாலானவை கோப்பெர்டியாவுக்குப் போய்விட்டன. நர்சரியில் இன்னும் கலாத்தியா என்றுதான் விற்கிறார்கள்.) ஆரோரூட் மாவு தருகிற செடியின் குடும்பம்தான் இது. எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும்: இலைக்காம்பின் உச்சியில், இலை தொடங்குகிற இடத்தில், விரல் கணு மாதிரி ஒரு தடிப்பு. அந்தக் கணுதான் இலையைச் சாயங்காலம் மேலே தூக்கிச் சேர்த்துவைக்கிறது, விடிந்ததும் விரிக்கிறது. தொட்டால் சுற்றியுள்ள காம்பைவிட அது வழுவழுப்பாக, கொஞ்சம் இறுக்கமாக இருந்தது.

பூவுக்கு வருகிறேன். எழுதும்போது பெரிய சிக்கல், இந்தப் பூவை இடம் வலம் என்று இரண்டு சரிபாதியாக எங்கே வெட்டினாலும் பொருந்தாது. பூக்கள் ஜோடி ஜோடியாக வருகின்றன, ஒரு பூ இடப்பக்கம் கோணியிருந்தால் ஜோடிப்பூ அதன் கண்ணாடி பிம்பமாக வலப்பக்கம் கோணியிருக்கிறது. ஒரு பூவை மட்டும் வரைந்தால் தப்பாகிவிடும், இரண்டையும் சேர்த்தே வரைய வேண்டும். மகரந்தத்தாள் ஒன்றே ஒன்று, அதிலும் பாதிப் பையில்தான் மகரந்தம். மற்றவை இதழ் மாதிரி மாறிவிட்டன. அவற்றில் ஒன்று குல்லா போல மடிந்து சூல்தண்டைப் பிடித்துவைத்திருக்கிறது. பூ விரிவதற்கு முன்னாலேயே மகரந்தம் சூல்தண்டின் முதுகில் ஏற்றப்பட்டுவிடுகிறது. சூல்தண்டு வில்லை வளைத்துப் பிடித்த மாதிரி இழுபட்ட நிலையில் காத்திருக்கிறது. குல்லாவின் ஓரத்தில் சின்னதாக ஒரு நீட்டல். அதுதான் விசை.

ஊசி முனையால் அதைத் தொட்டேன். தொட்டது தெரிந்தது, அடுத்து தெரிந்தது சூல்தண்டு சுருண்டு கிடந்ததுதான். நடுவில் நடந்ததைக் கண் பார்க்கவே இல்லை. மறுபடி, மறுபடி என்று நான்கு பூக்களைத் தொட்டுவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. இது ஒரு தடவை மட்டும். சுருண்டது திரும்ப நிமிராது. தேனீ நாக்கை நீட்டும்போது அந்த ஒரு கணத்தில் சூல்முடி அதன் மேலிருக்கிற வேறு பூவின் மகரந்தத்தைச் சுரண்டி எடுத்துக்கொள்ளும், தன்னுடையதை அதே இடத்தில் ஒட்டிவிடும், கதை முடிந்தது. என் ஊசியில் எந்தப் பூவின் மகரந்தமும் இல்லை. அந்த நான்கு பூவும் இன்று வீணாகிவிட்டன. மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது. பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

எட்டரை வாக்கில் பச்சை உலோகம் மாதிரி மின்னுகிற ஆர்கிட் தேனீ வந்தது. உடம்பைவிட நாக்கு நீளமோ என்று தோன்றியது. ஒரு விரிந்த பூவின் முன்னால் மிதந்து நின்று, நாக்கை உள்ளே விட்டு, சட்டென்று பின்னால் தள்ளி வந்து, அடுத்த பூவுக்குப் போனது. முதல் பூவை லென்ஸில் பார்த்தேன். சுருண்டிருந்தது. சூல்முடியின் குழியில் மஞ்சளாக ஒரு பொட்டு இருந்தது. நோட்டில் நேரத்தை எழுதினேன்: 8:34.

பிப்ரவரி 6

மழை. விடியற்காலை தொடங்கியது, மதியம் இரண்டு வரைக்கும் விடவில்லை. பிப்ரவரியில் இதுதான் வழக்கம், டிசம்பரிலிருந்து மே வரை இங்கே மழைக்காலம். திண்ணையில் உட்கார்ந்து நேற்றைய குறிப்பைச் சுத்தமாக எழுதினேன்.

கொஞ்சம் விட்டதும் முகாமுக்குப் பின்னால் நின்ற காஸ்டஸ் செடியைப் பார்த்தேன். இலைகள் தண்டைச் சுற்றி சுழல் படிக்கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. நம் ஊர்த் தோட்டங்களில் "இன்சுலின் செடி" என்று வைத்திருக்கிறோமே, அதுவும் இந்தக் குடும்பம்தான், சொந்த ஊர் பிரேசிலின் கிழக்குப் பக்கம். அம்மா வீட்டுத் தொட்டியில் பத்து வருடமாக அந்தச் சுழலைப் பார்த்திருக்கிறேன், ஆனால் எந்தக் காட்டுச் செடி என்று கேட்டுக்கொண்டதே இல்லை. இதன் பூவடிச்செதில் ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சின்னத் தேன்சுரப்பி. பூவுக்குச் சம்பந்தமில்லாத தேன், எறும்புக்காக. எறும்பு அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தால் விதையைத் தின்ன வருகிற பூச்சி நெருங்காது. மழையிலும் ஏழு எறும்புகள் நின்றன, எண்ணினேன்.

பிப்ரவரி 8

மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கினோம். இங்கே இதைத் தெரிந்துகொள்ளாமல் செடிகளைப் புரிந்துகொள்ள முடியாது. மேட்டில் களிமண், இகரப்பே என்கிற ஓடையோரப் பள்ளத்தில் வெள்ளை மணல். முப்பது நாற்பது மீட்டர் இறங்குவதற்குள் தரையில் நிற்கிற செடிகள் பெரும்பாலும் மாறிவிடுகின்றன. ஹெலிகோனியா பின்தங்கிவிட்டது. ஓடையோரம் முழுக்க ரப்பாட்டியா பலுடோசா: வாள் மாதிரி இலைக் கற்றை, நடுவே ஒரு நீளக் காம்பு, உச்சியில் இரண்டு பெரிய பச்சைச் செதில்கள் கைகூப்பின மாதிரி, அந்த இரண்டுக்கும் நடுவில் மஞ்சள் பூக் கொத்து. இலையடியில் விரல் வைத்தால் வழுவழுவென்று கோந்து. மகரந்தப்பை நீளவாக்கில் திறக்காது, நுனியில் ஒரு துளை மட்டும். தேனீ அதைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவைத்தால்தான் மகரந்தம் பீய்ச்சும். இந்தக் குடும்பம் பெரும்பாலும் தென்னமெரிக்காவைச் சேர்ந்தது, ஒரே ஒரு இனம் மட்டும் அட்லாண்டிக் தாண்டி மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது.

அங்கேயே அருமா நின்றது, இஸ்க்னோசைஃபன். மெலிந்து நிமிர்ந்த தண்டு, உச்சியில்தான் இலை. மதெய்ரோ ஒரு பழைய தண்டைப் பிளந்து தோலை உரித்துக் காட்டினார், கத்தியின் முதுகால் இரண்டு இழுப்பு, நாடா மாதிரி வந்தது. ரியோ நெக்ரோ ஆற்றுப் பகுதியின் பனீவா மக்கள் கூடை முடைவது இதில்தான். தாவர விவரணையில் "தண்டு மெலிந்தது, வழுவழுப்பானது" என்று எழுதுவோம். அந்த நாடாவை விரலில் சுற்றிப் பார்த்த பிறகு "வளையும், உடையாது" என்றும் சேர்த்தேன்.

பிப்ரவரி 9

கடைசி நாள். திரும்பி வருகிற பாதையில் மதெய்ரோ நின்று, ஒன்றும் சொல்லாமல் சருகைக் காட்டினார். முதலில் தெரியவில்லை. குனிந்து, முகத்தைத் தரைக்கு ஒரு ஜாண் உயரத்தில் வைத்த பிறகு தெரிந்தது: வெளிர்நீல நட்சத்திரம், ஐந்து முனை, கீழே மெல்லிய குழாய், அதற்குக் கீழே நூல் மாதிரி ஒரு தண்டு. வோய்ரியா.

இலை இல்லை. பச்சை என்று சொல்ல ஒரு பொட்டுகூட இல்லை, தண்டில் ஜோடி ஜோடியாகச் சின்னச் செதில் மட்டும். நம் வெள்ளறுகு இருக்கிற அதே குடும்பம், ஆனால் வெயிலை முழுசாக விட்டுவிட்டது. மர வேர்களோடு வாழ்கிற பூஞ்சையிலிருந்து உணவை எடுத்துக்கொள்கிறது, அந்தப் பூஞ்சை மரத்திலிருந்து எடுக்கிறது, ஆக முப்பது மீட்டர் மேலே இலையில் விழுந்த வெயில்தான் சுற்றி இங்கே வந்து நீலமாக நிற்கிறது. பிரெஞ்சுக் கயானாவில் சேகரித்த ஒப்லே 1775-இல் இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தார். அதன் பிறகு எத்தனை தாள்களில் இது பழுப்பு நூலாக ஒட்டிக்கிடக்கிறது என்று முதல் நாள் பார்த்துவிட்டேன்.

சருகில் படுத்துக்கொண்டே எழுதினேன். உயரம் 9 செ.மீ. குழாய் வெள்ளை, வாய்ப்பக்கம் வர வர நீலம் ஏறுகிறது. மடல் முனை கூர். தொண்டைக்குள் மங்கிய மஞ்சள் வளையம், நேராகப் பார்த்தால் மட்டும் தெரிகிறது. மணம் ஏதும் எனக்குத் தெரியவில்லை. ஒரு கை தூரத்தில் இன்னொன்று, மொட்டு, நாளை விரியலாம். பென்சில் ஈரத்தில் எழுத மறுத்தது, சட்டையில் துடைத்துத் துடைத்து எழுதினேன். நான் எழுதி முடிக்கும்வரை மதெய்ரோ நின்றுகொண்டே இருந்தார், முடித்ததும் சருகை ஒதுக்கி மொட்டைச் சுற்றிக் கால் வைக்காமல் பாதை காட்டினார்.