சால்வடார் நாட்குறிப்பு: பாதம் தரையை விடாமல்

ஜனவரி 7, 2025

ஆப்பிரிக்க-பிரேசிலிய நடனம் கற்க இன்று என் முதல் வகுப்பு. பிரேசிலின் சால்வடார் நகரில், பெலோரின்யோ என்கிற பழைய பகுதியில் கல் பாவிய சரிவுத் தெரு, பழைய வீடு, இரண்டாம் மாடி, மரத்தரை. வேலைக்காக இந்த ஊருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. சாயங்காலமானால் எங்கிருந்தாவது மேளச் சத்தம் வரும், ஜன்னலோரம் நின்று கேட்பேன். 44 வயதில் ஒருவழியாகப் படியேறிவிட்டேன்.

முன்னால் மூன்று அட்டபாக்கி மேளங்கள், ஒரு அகோகோ மணி. எதிர் மூலையிலிருந்து வரிசை வரிசையாக மேளங்களை நோக்கி ஆடிப் போக வேண்டும். முழங்கால் எப்போதும் மடங்கியே இருக்க வேண்டும். பாதி தூரத்திலேயே தாளம் என் கையை விட்டுப் போய்விட்டது.

ஜனவரி 14

ஏன் தவறுகிறேன் என்று புரிந்தது. பெரிய மேளம் ரும், நடுவில் ரும்பி, சின்னது லே. கனத்த மேளம்தான் தாளத்தைப் பிடித்து நிற்கும் என்று நினைத்து ரும்மையே கேட்டுக்கொண்டிருந்தேன். இங்கே அது நேர்மாறு. சின்ன இரண்டும் மாறாமல் ஒரே நடையில் போகும். பெரியதுதான் பேசும், ஆடுபவரைக் கூப்பிடும், சீண்டும்.

"காதில் மணியைப் பிடித்துக்கொள். ரும் கேட்பதற்கு உடம்பால் பதில் சொல்" என்றார் ஆசிரியை. மணியின் இரண்டு ஒலிகளை மட்டும் கேட்டபடி போனேன். கடைசி இரண்டு முறை தவறவில்லை. வகுப்பு முடிந்ததும் எல்லோரும் குனிந்து மேளங்களைத் தொட்டு வணங்கினார்கள். நானும் தொட்டேன். தோல் இன்னும் சூடாக இருந்தது.

ஜனவரி 28

இன்று ஒஷும். ஆற்று நீரின் தெய்வம், கையில் கண்ணாடி. இஜெஷா என்கிற மென்மையான தாளம். வலது உள்ளங்கையை முகத்துக்கு நேரே தூக்கினேன். ஆசிரியை பக்கத்தில் வந்து, "கை அழகாக இருக்கிறது. ஆனால் நீ அதில் உன்னைப் பார்க்கவில்லையே" என்றார். மறுபடியும் தூக்கினேன், இந்த முறை பார்த்தேன். கழுத்து தானாகச் சாய்ந்தது.

இந்த அசைவுகள் கண்டோம்ப்ளே வழிபாட்டிலிருந்து வந்தவை. அங்கே தெய்வம் ஆளின் மேல் இறங்கி ஆடும். நம் ஊரில் சாமியாட்டம் பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. வகுப்பில் இருப்பது அசைவு மட்டும், வழிபாடு இல்லை என்பதை ஆசிரியை ஒவ்வொரு முறையும் சொல்கிறார். சொல்ல வேண்டியதுதான். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் காப்பாற்றி வைத்தது இது. அடிமை முறை இந்த நாட்டில் 1888-ல்தான் ஒழிந்தது. அதற்குப் பிறகும், 1976 வரை, இந்த ஊர் இருக்கும் பாயியா மாநிலத்தில் வழிபாட்டு இல்லங்கள் போலீஸ் அனுமதி வாங்கித்தான் மேளம் அடிக்க முடிந்தது. என் பக்கத்தில் ஆடும் அம்மாவுக்கு 67 வயது. அந்த நாட்களை அவர் நேரில் பார்த்தவர்.

பிப்ரவரி 2

கடல் தெய்வம் யெமன்ஜாவின் திருவிழா. ரியோ வெர்மேல்யோ கடற்கரையில் பூக்கூடைகளோடு விடியுமுன்பே கூட்டம். ஒரு வெள்ளை ரோஜா வாங்கிக் கூடையில் வைத்தேன். படகு கடலுக்குள் போவதைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினேன்.

பிப்ரவரி 18

சம்பா. எடுத்த எடுப்பில் ஆசிரியை சொன்னது: "இடுப்பை ஆட்டாதே."

நடந்தால் இடுப்பு அசையக் கூடாது என்று கண்டித்து வளர்க்கப்பட்டவள் நான். இங்கேயும் அதேதானா என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர் சொன்னது வேறு. ஒரு பாதம் பின்னால் போக, மற்றது நின்ற இடத்திலேயே அழுத்த, முதல் பாதம் சறுக்கித் திரும்பும். தாளத்தின் இரண்டு தட்டுக்குள் மூன்று முறை உடம்பின் பாரம் மாறும். முழங்கால்கள் மாறி மாறி இளகினால் இடுப்பு தானாக அசையும், நாம் அசைக்க வேண்டாம். இருபது நிமிடம் பாதத்தை மட்டும் பார்த்து ஆடினேன். நிமிர்ந்தபோது இடுப்பு அசைந்துகொண்டிருந்தது.

அப்புறம் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் மெர்சேடிஸ் பாப்திஸ்தாவைப் பற்றிப் பேச்சு வந்தது. ரியோ முனிசிபல் தியேட்டரின் முதல் கறுப்பினப் பாலே கலைஞர். நியூயார்க்கில் அமெரிக்க நடனக் கலைஞர் கேத்தரின் டன்ஹமிடம் பயின்று திரும்பி, கண்டோம்ப்ளே அசைவுகளை மேடை நடனமாகவும் பாடமாகவும் வகுத்தவர். அவரைப் போன்றவர்கள் இல்லாவிட்டால் என்னைப் போன்ற ஒருத்தி செவ்வாய்க்கிழமை மாலையில் போய்ப் படிக்க ஒரு வகுப்பு இருந்திருக்குமா?

மார்ச் 2

கார்னிவல். ஃபில்யோஸ் டி காந்தி வந்தார்கள், 'காந்தியின் பிள்ளைகள்'. காந்தி கொல்லப்பட்ட மறு வருடம், 1949-ல், துறைமுகத் தொழிலாளிகள் தொடங்கிய குழு. வெள்ளை உடை, தலையில் வெள்ளைத் துண்டு, நீலமும் வெள்ளையுமாக மணிமாலை. தெரு முழுக்க லாவெண்டர் வாசம். ஆயிரக்கணக்கான ஆண்கள், ஆனாலும் மெதுவான நடை. மணி ஒலித்ததும் கால் கண்டுகொண்டது: இஜெஷா. ஒஷும் வகுப்பின் அதே தாளம். நடைபாதை ஓரத்தில் நின்றபடியே ஆடினேன். கண் நிறைந்துவிட்டது.

மார்ச் 29

பராகுவாசு ஆற்றங்கரையில் இருக்கும் கஷுவேய்ரா ஊருக்கு, வகுப்பிலிருந்து ஒன்பது பேர் போனோம். சம்பாவுக்கு மூத்தது சம்பா டி ரோடா, வட்டத்து சம்பா. 2005-ல் யுனெஸ்கோ சிறப்பித்தது. ஒரு அம்மா பீங்கான் தட்டின் விளிம்பைக் கத்தியால் சுரண்டித் தாளம் போட்டார். மழை ஓட்டில் விழுவது போன்ற சத்தம்.

பாட்டு நடக்கும்போது யாரும் ஆடுவதில்லை. பாட்டு நின்றதும் ஒரு பெண் மட்டும் உள்ளே போவாள். அடி, மியுதின்யோ: பாதம் தரையை விடாமல் பொடிப்பொடியாக நகர்வது. மூன்று மாதத்தில் நான் கற்றதிலேயே கடினமானது இதுதான்.

இருட்டும் நேரத்தில் ஒரு பாட்டி என் முன்னால் வந்து நின்று வயிற்றோடு வயிறு லேசாக மோதினார். உம்பிகாடா, அதுதான் அழைப்பு. மேளக்காரர்கள் முன்னால் போனேன், ஒரு சுற்று நகர்ந்தேன், மூச்சு வாங்கியது. என் வகுப்பின் 67 வயது அம்மாவிடம் போய் அவரை அழைத்துவிட்டு, இடத்துக்கு வந்து கைதட்டத் தொடங்கினேன்.

அவருடைய நீளப் பாவாடை தரையைத் தொட்டது. அவர் அடி வைப்பது தெரியவில்லை, நகர்வது மட்டும் தெரிந்தது.