சேக்கல் என்றால் கல்

"மரக்காலைக் குறைத்து, சேக்கல் நிறையை அதிகமாக்கி" என்று வேதாகமத்தில், ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகம் எட்டாம் அதிகாரத்தில் வரும். எனக்குப் பத்து வயதிருக்கும். வியாபாரிகள் விலையை ஏற்றினார்கள் என்று ஞாயிறு பள்ளியில் இதற்கு அர்த்தம் சொன்னார்கள். ராத்திரி கடையைக் கட்டிவிட்டு வந்த அப்பாவிடம் ஒப்பித்தேன். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம் எங்களுக்குப் பலசரக்குக் கடை. அப்பா கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "ஏட்டி, அவன் வெலய ஏத்தல. கல்ல ஏத்திட்டான்."

சாப்பாட்டுத் தட்டையும் தம்ளரையும் தராசுத் தட்டுகளாக வைத்து விளக்கினார். ஆமோஸ் பேசியது கி.மு. எட்டாம் நூற்றாண்டில். இஸ்ரவேல் சந்தையில் அப்போது காசு கிடையாது. வெள்ளித் துண்டுகள்தான் பணம். கோதுமை வாங்க வந்தவள் முடிச்சை அவிழ்த்து, உடைந்த வளையலோ வெட்டிய கம்பியோ எடுத்து ஒரு தட்டில் போடுவாள். கடைக்காரன் அடுத்த தட்டில் தன் கல்லை வைப்பான். அந்தக் கல் கனமாக இருந்தால் அவள் இன்னும் கொஞ்சம் வெள்ளி போட்டால்தான் தட்டு சமமாகும். விலையில் மாற்றமே இல்லை, ஆனால் கொடுத்தது கூடுதல். இந்தப் பக்கம் தானியம் அளக்கும் எப்பா, ஏறக்குறைய 22 லிட்டர் பிடிப்பது, அதையும் சிறிதாகச் செய்துவைத்திருக்கிறான். தமிழில் பெயர்த்தவர்கள் அந்த எப்பாவைத்தான் மரக்கால் என்று எழுதினார்கள். ஒரே விற்பனையில் இரண்டு பக்கமும் வெட்டு. போதாததற்குப் பதரையும் விற்கிறான் என்று அடுத்த வசனம் சொல்கிறது. வாங்குகிறவள் ஏழை என்பதையும் அந்த வசனங்களே சொல்கின்றன. இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் வயிறு எரியும்.

அந்தக் கற்களின் படங்களைப் பிற்பாடு தேடித் தேடிப் பார்த்தேன். யூதா நாட்டில் கி.மு. எட்டு, ஏழாம் நூற்றாண்டுகளில் புழங்கியவை. சுண்ணாம்புக்கல்லில் செய்தது, அடி தட்டை, மேலே குமிழ்போல உருண்டை. உச்சியில் சேக்கலுக்கு ஒரு குறி, பக்கத்தில் எகிப்திய எழுத்திலிருந்து வாங்கிய எண். ஒரு சேக்கல் 11.3 கிராம் சொச்சம். அதில் பாதி பெக்கா. எருசலேமில் ராபின்சன் வளைவுக்குக் கீழே தோண்டிய மண்ணைச் சலித்தபோது 2018-ல் ஒரு பெக்கா கல் கிடைத்தது. அதில் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறியிருக்கிறது. முத்திரை வெட்டிப் பழகிய கை, பழக்கத்தில் தலைகீழாக வெட்டிவிட்டது என்கிறார்கள். அந்தக் கைக்காரரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

எபிரெயத்தில் கல்லுக்கும் எடைக்கும் ஒரே சொல்: ஏவென். நாமும் இரும்பில் வார்த்ததை எடைக்கல் என்றுதான் சொல்கிறோம். வியாபாரி தன் கற்களைப் பையில் போட்டுக் கூடவே எடுத்துப் போவான். பெரிதும் சிறிதுமாக இரண்டு வகைக் கல் பையில் இருக்கக்கூடாது என்று உபாகமம் 25 சொல்வது அதனால்தான்: வாங்க ஒன்று, விற்க ஒன்று. எருசலேமின் தாவீதின் நகரத்தில் இரண்டு கேரா என்று குறி வெட்டிய கல் ஒன்று கிடைத்திருக்கிறது. கேரா என்பது சேக்கலைவிட ரொம்பச் சின்ன எடை. ஒரு கிராமுக்குள் இருக்கவேண்டியது, 3.61 கிராம் இருக்கிறது. ஆமோஸ் திட்டியது சும்மா இல்லை.

எங்கள் கடைக் கற்களின் அடியில் ஈயம் அடைத்த குழி இருக்கும். முத்திரை அதன்மேல்தான் விழும். ஒருமுறை மிளகாய் வற்றல் எடுத்த இடத்தில், மூட்டைக்கு ஒன்றரை கிலோ குறைந்தது. அப்பா சண்டை போடவில்லை. அடுத்த முறை தன் கல்லையும் எடுத்துக்கொண்டு போனார்.

எரேமியா 32 அப்பாவுக்குப் பிடித்த அதிகாரம். பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி நிற்கிறது. அந்த நேரத்தில் தன் தகப்பனுடைய சகோதரரின் மகனிடமிருந்து ஆனதோத் ஊரில் நிலம் வாங்குகிறார் தீர்க்கதரிசி எரேமியா. 17 சேக்கல் வெள்ளி, நம் கணக்கில் 190 கிராம் சொச்சம், தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். சாட்சி வைத்து, முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று, இரண்டையும் மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொல்கிறார். "பத்திரம் எழுதுனவன் ஊரை விட்டு ஓடமாட்டான்" என்பார் அப்பா.

அப்பாவுக்குச் சொல்ல முடியாமல் போனது ஒன்று உண்டு. 1 சாமுவேல் 13-ல், இஸ்ரவேலில் கொல்லன் கிடையாது, கொழுவும் மண்வெட்டியும் தீட்ட எதிரிகளான பெலிஸ்தரிடம்தான் போகவேண்டும் என்று வரும். 21-ம் வசனத்தில் 'பீம்' என்றொரு சொல். வேதாகமத்தில் வேறெங்கும் இல்லாததால் பொருள் தெரியாமல் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் 'அரம்' என்று போட்டார்கள், தமிழிலும் அப்படித்தான். பிறகு மண்ணிலிருந்து அதே மூன்றெழுத்து வெட்டிய எடைக்கற்கள் வரத் தொடங்கின. சேக்கலில் மூன்றில் இரண்டு பங்கு. அப்படியானால் அது கருவியே இல்லை, தீட்டுக்கூலி. இரும்பு வேலையைத் தன் கையில் வைத்திருந்தவன், ஒரு கொழு தீட்ட உழவனிடம் ஏழரை கிராமுக்கு மேல் வெள்ளி நிறுத்து வாங்கியிருக்கிறான்.

அப்பாவின் வேதாகமத்தில் அந்த 'அரம்' என்ற சொல்லுக்கு நேரே, ஓரத்தில், பென்சிலால் 'கொல்லன் கூலி' என்று எழுதிவைத்திருக்கிறேன். அவர் கணக்குப் போடும் சின்ன எழுத்திலேயே.