டெங்கு: மூன்று பரிசோதனை முறைகளை ஒப்பிட்ட அனுபவம்

நுண்ணுயிரியல் முதுநிலைப் படிப்பின் ஆய்வுக்காக, டெங்குவைக் கண்டறியும் மூன்று முறைகளை ஒரே நோயாளிகளின் சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில்) செய்து ஒப்பிட்டேன். வைரஸ் வெளியிடும் என்.எஸ்.1 புரதத்தைத் தேடி, இருந்தால் நிறமாற்றத்தால் காட்டும் எலைசா, நம் உடல் உருவாக்கும் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருளைத் தேடும் எலைசா, வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வையே பெருக்கிக் காட்டும் ஆர்.டி.-பி.சி.ஆர். ஆகியவையே அவை.

நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைத்ததும், ஒவ்வொரு சீரத்தையும் சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வைத்தோம். உருகியதை மீண்டும் மீண்டும் உறைய வைத்தால் ஆர்.என்.ஏ. சிதைந்து, பி.சி.ஆர். முடிவை நம்ப முடியாமல் போகும். எலைசாவில் என் கவனம் முழுவதையும் வாங்கியது கழுவும் படிதான். 96 குழிகள் கொண்ட பிளேட்டைச் சரியாகக் கழுவாவிட்டால், நோயில்லாதவரின் குழியும் நீலமாகிவிடும். பிறகு அமிலம் சேர்த்து மஞ்சளாக்கி 450 நானோமீட்டரில் அளக்கும்போது அந்தப் பிழை அப்படியே எண்ணாகப் பதிவாகும்.

உண்மையான சிக்கல் முடிவுகளைத் தொகுக்கும்போது வந்தது. பி.சி.ஆரையே உரைகல்லாகக் கொள்ளலாம் என்று துறையில் சிலர் கூறினார்கள். ஆனால் காய்ச்சலின் ஏழாம் நாளில் ரத்தத்தில் வைரஸ் பெரும்பாலும் மறைந்திருக்கும், ஐ.ஜி.எம். உயர்ந்திருக்கும், அப்போது டெங்குவைச் சரியாகச் சொன்ன ஐ.ஜி.எம். முடிவைத் தவறு என்று எழுத வேண்டிவரும். உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படியே, ஐந்தாம் நாளில் சுமார் 80 சதவீதத்தினரிடமும் பத்தாம் நாளில் 99 சதவீதத்தினரிடமும் ஐ.ஜி.எம். தென்படும். ஆகவே மாதிரிகளைக் காய்ச்சல் நாள்வாரியாகப் பிரித்தே ஒப்பிட்டோம். ஐந்து நாளுக்குள் என்.எஸ்.1, பி.சி.ஆர்.; அதன்பின் ஐ.ஜி.எம். என்ற ஒழுங்கு தெளிவாகத் தெரிந்தது.

இரண்டாம் முறை டெங்கு வந்தவர்கள் இதற்குள் எளிதில் அடங்குவதில்லை. பழைய எதிர்ப்பொருள்கள் என்.எஸ்.1 புரதத்தைப் பற்றிக்கொள்வதால் அது பரிசோதனைக்கு அகப்படாமல் போகக்கூடும்; ஐ.ஜி.எம்.மும் குறைவாகவே எழலாம். அதனால் என்.எஸ்.1 நெகட்டிவ் என்ற ஒரு தாளை மட்டும் நம்பி நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது ஆபத்து என்றே உறுதியாகக் கருதுகிறேன். ஐ.ஜி.எம். பாசிட்டிவிலும் எச்சரிக்கை தேவை: அது இரண்டு மூன்று மாதங்கள் நீடிக்கலாம், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எதிர்ப்பொருளும் அதில் குறுக்கிடக்கூடும். இந்தியாவில் அந்நோய் 1955இல் முதலில் அறியப்பட்டதே வேலூர்ப் பகுதியில்தான் என்பதால், இங்கே இதை ஒதுக்கிவிட முடியாது.

நாள்வாரியாகப் பிரிக்கத் தேவைப்பட்ட தேதி பல படிவங்களில் காலியாகவே இருந்தது. வார்டுக்குச் சென்று, குழந்தைகளின் தாய்மாரிடம் “முதல்ல உடம்பு சுட்டது என்னைக்குமா?” என்று கேட்டுக் குறித்துக்கொண்டோம். ஆய்வு முடிந்தபின், காய்ச்சல் தொடங்கிய தேதிக்கென எங்கள் ஆய்வகப் படிவத்தில் தனிக் கட்டம் சேர்க்கப்பட்டது.