மலை வீட்டுக்கு ஒரு கணினி

என் மகள் 9-ஆம் வகுப்பும் மகன் 5-ஆம் வகுப்பும் படிக்கிறார்கள். இருவருக்கும் பொதுவாக வீட்டில் ஒரு கணினி வாங்க வேண்டும், செலவு 25,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று பள்ளி திறப்பதற்கு முன்பே கணவரும் நானும் பேசி வைத்திருந்தோம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுவது என் வேலை. பகல் முழுவதும் கணினியின் முன்னால்தான் இருக்கிறேன். அப்படியிருந்தும் வீட்டுக்கென்று வாங்கியபோது முதல் முறை தவறிவிட்டேன். அந்தத் தவறையும், அதன் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் எழுதி வைத்தால், இதே அளவு பணத்தோடு யோசித்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு, குறிப்பாக மலையில் குடியிருப்பவர்களுக்கு, உதவும் என்று நம்புகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, பொருள் புதியதாக இருக்க வேண்டும், உத்தரவாதம் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் 20,000 ரூபாய்க்குள் ஒரு மடிக்கணினி வாங்கினோம். பார்க்க லட்சணமாக இருந்தது, எடையும் குறைவு. ஆனால் அதன் 4 ஜிபி நினைவகம் (ரேம்) முதன்மைச் சுற்றுப்பலகையான தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தது. 64 ஜிபி சேமிப்பகமும் கழற்றி மாற்றக்கூடிய எஸ்.எஸ்.டி. அன்று, கைப்பேசிகளில் இருப்பதுபோல் பலகையோடு ஒட்டிய இ.எம்.எம்.சி. இயங்குதளத்துக்கே அதில் பாதி இடம் போயிற்று. ஓராண்டுக்குள் புதுப்பிப்புகளை இறக்கக்கூட இடமில்லை. மகள் ஒரு சொல்லைத் தட்டிவிட்டு, அது திரையில் வந்து சேரும் வரை விரலை விசையின் மேலேயே வைத்துக் காத்திருப்பாள். பழுது பார்க்கும் கடையில் கொண்டுபோய்க் காட்டியபோது, "இதுல கூட்டுறதுக்கு இடமே இல்லைங்க மேடம்" என்று மூடியைத் திரும்பப் பூட்டிக் கொடுத்துவிட்டார். கடைசியில் ஒரு மழைக்காலத்தில் விசைப்பலகையின் ஒரு வரிசை முழுவதும் உயிரிழந்தது. மேற்பகுதியை மொத்தமாக மாற்ற வேண்டும் என்று சொல்லிக் கேட்ட தொகை, அன்றைக்கு அந்தக் கணினிக்கு இருந்த மதிப்பைவிட அதிகம்.

ஆகவே இந்த முறை, புதியதா பழையதா என்பதை விட்டுவிட்டு, திருகாணியைக் கழற்றினால் உள்ளே இருப்பதை மாற்ற முடியுமா என்பதையே முதலில் பார்த்தோம். அப்படிப் பார்க்கத் தொடங்கியதும் மடிக்கணினியும் கைக்கணினியும் தாமாகவே விலகிப்போயின. விசைப்பலகைக்குள்ளேயே கணினியை வைத்து 2020-இல் வெளிவந்த ராஸ்பெரி பை 400-ஐயும் கொஞ்ச நாள் யோசித்தோம். மின்னணுச் சோதனைகளில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு அது அருமையான பொருள்தான், ஆனால் அதிலும் நினைவகத்தைக் கூட்ட வழியில்லை என்பதால் வேண்டாம் என்று வைத்துவிட்டோம்.

எஞ்சியது, அலுவலகங்கள் நான்கைந்து ஆண்டுகள் பயன்படுத்திவிட்டு மொத்தமாகக் கழித்துவிடும் சிறிய மேசைக்கணினி. டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, எச்.பி. எலைட்டெஸ்க் மினி என்ற பெயர்களில் இவை கிடைக்கின்றன. ஒரு தடித்த அகராதியின் அளவுதான் இருக்கும். ஆனால் உள்ளே நினைவகம், எஸ்.எஸ்.டி., விசிறி என எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்றலாம். இவற்றில் எதை வாங்குவது என்பதைக் கணினியின் மூளையான செயலியின் (பிராசசர்) எண்ணே சொல்லிவிடும். இன்டெல் ஐ5-6500 என்றால் 6-ஆம் தலைமுறை, ஐ5-8500 என்றால் 8-ஆம் தலைமுறை. எண்ணின் பின்னால் 'டி' (T) என்ற எழுத்து இருந்தால் அது மின்சாரத்தைக் குறைவாக எடுக்கும் வகை. இன்டெல் செயலிகளில் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை தொடங்கித்தான் விண்டோஸ் 11-க்கு முறையான ஆதரவு உண்டு. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதனால் 6, 7-ஆம் தலைமுறைக் கணினிகள் மலிவாக வருகின்றன. கடைக்காரர் விண்டோஸ் 11-ஐ ஏதோ ஒரு வழியில் ஏற்றிக் காட்டினாலும் அதை நம்பி வாங்க வேண்டாம். இலவச இயங்குதளமான லினக்ஸ் மட்டும் போதும் என்று உறுதியாக இருப்பவர்கள் அவற்றைத் தாராளமாக எடுக்கலாம். நாங்கள், நாளைக்கு எது தேவைப்பட்டாலும் கதவு திறந்திருக்கட்டும் என்று, ஆறு கருக்களும் (கோர்) 35 வாட் மின் அளவும் கொண்ட ஐ5-8500டி செயலியைத் தேர்ந்தெடுத்தோம்.

தம்பி கோயம்புத்தூரில் இருக்கிறான். ஒரு சனிக்கிழமை காலை முதல் பேருந்தில் மேட்டுப்பாளையம் வழியாக இறங்கி, அவனையும் அழைத்துக்கொண்டு காந்திபுரம் பக்கம் நான்கு கடைகள் ஏறி இறங்கினேன். முதல் மூன்று கடைகளிலும் கணினியைத் திறந்து காட்டத் தயங்கினார்கள். நான்காவது கடையில் இருந்த பையன், "ஏனுங்கக்கா, தெறந்து பாத்துட்டே வாங்கிக்குங்க" என்று பின்பக்கத் திருகாணி ஒன்றை விரலாலேயே கழற்றி, மூடியை முன்பக்கமாகத் தள்ளி எடுத்தான். விசிறியின் இதழ்களில் சாம்பல் நிறத் தூசி பஞ்சுபோல் படிந்திருந்தது. அதை ஊதித் துடைத்த பிறகு, அடியில் இரண்டு நினைவக இடங்களில் ஒன்றில் 8 ஜிபி இருந்ததும், மற்றொன்று காலியாக இருந்ததும் தெரிந்தது. பார்த்த மாத்திரத்தில் எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

அங்கே நின்று பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. கணினியை இயக்கியவுடன், இயங்குதளம் ஏறுவதற்கு முன்பு வரும் பயாஸ் என்ற அடிப்படை அமைப்புக்குள் போக முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய அலுவலகம் போட்ட கடவுச்சொல் நீக்கப்படாமல் இருந்தால் பின்னால் இயங்குதளம் மாற்றுவது பெரும்பாடாகிவிடும். தேதியும் நேரமும் பின்னோக்கிப் போயிருந்தால் உள்ளிருக்கும் சி.ஆர்.2032 பொத்தான் மின்கலம் தீர்ந்துவிட்டது என்று பொருள்; சில பத்து ரூபாய் வேலைதான், ஆனால் அங்கேயே மாற்றி வாங்குவது நல்லது. எஸ்.எஸ்.டி. எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, உடல்நிலை எப்படி என்று கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரல் காட்டிவிடும். இந்த வகைக் கணினிகள் சிலவற்றில் திரையை இணைக்க எச்.டி.எம்.ஐ. துளை இருக்காது, டிஸ்ப்ளேபோர்ட் மட்டுமே இருக்கும்; சிலவற்றில் வைஃபை அட்டையே இருக்காது. வீட்டுக்கு வந்து கம்பி பொருந்தாமல் மறுபடியும் மலையிறங்குவதைவிட அங்கேயே கேட்டுவிடலாம்.

கணினிக்கு 14,000, பழைய 22 அங்குலத் திரைக்கு 4,000, புதிய யு.பி.எஸ்.ஸுக்கு 3,200, விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் 900, டிஸ்ப்ளேபோர்ட் கம்பிக்கு 300 என்று ஆக மொத்தம் 22,400 ரூபாயில் முடிந்தது. விசைப்பலகையையும் சுட்டியையும் மட்டும் பழையதாக வாங்க வேண்டாம் என்பது என் எண்ணம். குழந்தைகளின் கை நாள் முழுவதும் படும் பொருள் அவை.

மலையில் கணினிக்கு முதல் எதிரி ஈரம்தான். கிழக்குச் சரிவில் இருக்கும் எங்களுக்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மேகமே சன்னல் வழியாக வீட்டுக்குள் வந்துவிடும்; பீரோவில் வைத்த தோல் செருப்பு பூஞ்சை பிடிக்கும் காலம் அது. கணினி வந்த புதிதில் அதைப் பிளாஸ்டிக் உறை போட்டு மூடி வைத்தேன். இரண்டாம் நாள் உறையின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்ததைக் கண்டு பதறி எடுத்தெறிந்தேன். இப்போது மெல்லிய பருத்தித் துணிதான். தூசியைத் தடுக்கும், ஈரத்தை அடைத்து வைக்காது. குளிர்ந்து கிடக்கும் உலோகத்தின் மேல் சமையலறையின் வெதுவெதுப்பான காற்று பட்டால் நீர் கோக்கும் என்பதால், வெளிச்சுவரை ஒட்டியும் வைக்கவில்லை, சமையலறை வாசலுக்கு நேராகவும் வைக்கவில்லை. மழைக்காலத்தில் யாருக்கும் வேலை இல்லாத நாளிலும் அரை மணி நேரம் ஓடவிடுகிறோம். கணினியின் சொந்தச் சூடே அதை உலர்த்திவிடுகிறது. மடிக்கணினி பையிலேயே வாரக்கணக்கில் கிடந்து ஈரம் பிடித்ததை நினைத்தால் இந்த அரை மணி நேரம் பெரிதாகத் தோன்றவில்லை.

அடுத்தது மின்சாரம். காற்றில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் எப்போது திரும்ப வரும் என்று சொல்ல முடியாது. வந்தாலும் மாலையில் அழுத்தம் குறைந்தே இருக்கும். இந்தச் சிறிய கணினிகளுக்கு மடிக்கணினியைப்போல வெளியே ஓர் அடாப்டர் உண்டு. 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் என்று அதன் மேலேயே அச்சிட்டிருப்பதால் குறைந்த அழுத்தம் அதைப் பாதிப்பதில்லை. கணினியும் திரையும் சேர்ந்து சாதாரண வேலைக்கு ஏறக்குறைய 45 வாட்தான் எடுக்கின்றன. நாளுக்கு மூன்று மணி நேரம் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு எட்டு, ஒன்பது யூனிட்டுக்குள் அடங்கிவிடும். அதே காரணத்தால் 600 வி.ஏ. திறனுள்ள யு.பி.எஸ். எங்கள் வீட்டில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் தாங்குகிறது; பெரிய கோபுர வடிவக் கணினியாக இருந்தால் அவ்வளவு நேரம் நிற்காது. இடி இடித்தால் யு.பி.எஸ்.ஸின் செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும் என்பதை மகன்தான் வீட்டில் எல்லோரையும்விடக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறான்.

மென்பொருளுக்கு ஒரு ரூபாயும் செலவழிக்கவில்லை. லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் நிறுவினோம். பிள்ளைகள் விண்டோஸில் பழகாவிட்டால் பின்னால் சிரமப்படுவார்களே என்று என் மாமியார் கவலைப்பட்டார்; கேரளத்தில் அரசுப் பள்ளிகளே பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் கற்றுக்கொடுக்கின்றன என்று சொன்ன பிறகு சமாதானமானார். நம் சமச்சீர் பாடத்துக்கும் இது போதும். 10-ஆம் வகுப்பு அறிவியலில் வரும் ஸ்கிராட்ச், மேல்நிலையில் கணினி அறிவியல் எடுப்பவர்களுக்கு வரும் சி++, பைத்தான் ஆகிய நிரல்மொழிகள் எல்லாமே இதில் இலவசமாக ஓடுகின்றன. மகனுக்குக் கல்வி விளையாட்டுகள் கொண்ட ஜிகாம்ப்ரியும் படம் வரையும் டக்ஸ் பெயின்டும் போட்டுக் கொடுத்தேன். இணையம் அறுந்த நாள்களுக்காக, இணையமில்லாமல் படிக்க உதவும் கிவிக்ஸ் நிரல் வழியாகத் தமிழ் விக்கிப்பீடியாவை மொத்தமாக இறக்கி வைத்திருக்கிறேன். மழை நாளில் அதைத்தான் மகள் அதிகம் திறக்கிறாள்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை ஒன்றைச் சொல்ல வேண்டும். இருவருக்கும் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையில் தட்டச்சு கற்றுக்கொடுக்கிறேன். பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஆய்தம் ஆகிய 31 எழுத்துகளுக்கும் ஒவ்வொரு விசை. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. ஒரே எழுத்தை அடுத்தடுத்து இரு முறை தட்டினால் முதல் எழுத்தின் மேல் புள்ளி தானாகவே விழும். அ, ம, ம, ஆ என்று மகன் நான்கு விசைகளைத் தட்டினான். திரையில் 'அம்மா' என்று வந்தது. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் முறையைக் கைப்பேசியில் பழகியிருந்த மகள் முதலில் முரண்டு பிடித்தாள். இப்போது தமிழ்க் கட்டுரைகளை விசைகளைக் குனிந்து பார்க்காமலே அடிக்கிறாள்.

கணினி கூடத்தில், எல்லோரும் நடமாடும் இடத்தில், திரை எங்கள் பக்கம் தெரியும்படி இருக்கிறது. திரைக்கும் முகத்துக்கும் இடையில் ஒரு கை நீளம். மேல் விளிம்பு மகளின் கண்மட்டத்தில். மகனுக்குக் காலடியில் ஒரு மரப் பலகை போட்டிருக்கிறோம். நினைவகத்தின் இரண்டாம் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. மகள் 11-ஆம் வகுப்பில் கணினி அறிவியல் எடுத்தால் அங்கே இன்னொரு 8 ஜிபி பொருத்துவோம். அந்தத் திருகாணியைத் தானே கழற்ற வேண்டும் என்று அவள் இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.