வெண்ணெய் வாசனை எட்டாத மூக்கோடு பீர் நடுவர் தேர்வு எழுதிய கதை

முதல் முறை சுவைத் தேர்வு எழுதியபோது எனக்குக் கிடைத்தது நூற்றுக்கு 64. இரண்டாம் முறை 78. நடுவில் பதினாறு மாதம். அந்தப் பதினாறு மாதத்தில் பீரைப் பற்றிப் புதிதாகப் படித்தது கொஞ்சம்தான். என் மூக்கும் நாக்கும் எப்படிப்பட்டவை என்று தெரிந்துகொள்ளத்தான் அவ்வளவு காலம் ஆனது. இந்தத் தேர்வுக்குத் தயாராகும் சிலர் அண்மையில் என்னிடம் வழி கேட்டார்கள். அவர்களிடம் துண்டு துண்டாகச் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன்.

பி.ஜே.சி.பி. என்பது 1985இல் அமெரிக்காவில் தொடங்கிய பீர் நடுவர் சான்றிதழ் அமைப்பு. வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் கலந்துகொள்ளும் போட்டிகளுக்குத் தகுதியான நடுவர்களைத் தயார் செய்கிறது. நான் இருப்பது ஓரிகான் மாநிலத்துப் போர்ட்லாண்டில். ஊருக்குத் தெற்கே போனால் வில்லமெட் பள்ளத்தாக்கில், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொடிகள் உயரக் கம்பிகளில் ஏறி நிற்கும். சிறு ஆலைகள் காய்ச்சும் அமெரிக்க கிராஃப்ட் பீரின் முகத்தையே மாற்றிய காஸ்கேட் ஹாப்ஸ் இந்த மாநிலத்தில் உருவாகி 1972இல் வெளிவந்தது. இங்கே பீர் பற்றிப் பேசாமல் அக்கம்பக்கத்தாரோடு பழகுவது கடினம். நானும் அப்படித்தான் உள்ளே வந்தேன்.

முதல் கட்டம் இணையவழி நுழைவுத் தேர்வு. 60 நிமிடத்தில் 180 கேள்வி, அதாவது ஒரு கேள்விக்கு 20 விநாடி. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். புரட்ட நேரம் இருக்காது. ஒவ்வொரு பீர் வகையும் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் 2021ஆம் ஆண்டு வகைமைக் கையேட்டை மூன்று முறை ஊன்றிப் படித்தவர்கள் தேறிவிடுவார்கள். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

கஷ்டம் சுவைத் தேர்வில் இருக்கிறது. 90 நிமிடம், ஆறு பீர். என்ன வகை என்று மட்டும் சொல்வார்கள். யார் காய்ச்சியது, கடையில் வாங்கியதா, எதையாவது கலந்திருக்கிறார்களா என்று சொல்ல மாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்தக் கருத்துக்கு 10, ஆக 50. அதே பீரை அனுபவமுள்ள இரண்டு நடுவர்களும் தனியே சுவைத்து எழுதுவார்கள். நம் தாளை அவர்கள் தாளோடு வைத்துப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுவார்கள். புள்ளி எவ்வளவு நெருக்கம், உணர்ந்தது சரியா, அதை விவரித்த விதம், காய்ச்சியவருக்குச் சொன்ன யோசனை, தாள் முழுமையாக இருக்கிறதா என்று ஐந்து பங்கு. ஐந்துக்கும் சம மதிப்பு.

முதல் முறை எழுதியதன் மதிப்பீடு கைக்கு வந்த அன்று இரண்டு பீர்களில் நான் சறுக்கியிருந்தது தெரிந்தது. ஒன்று மியூனிக் ஹெல்லஸ். தெளிந்த பொன்னிறம், மால்ட் எனும் முளைகட்டி உலர்த்திய தானியத்தின் மென்மையான இனிப்பு, கசப்பை அளக்கும் ஐ.பி.யூ. கணக்கில் 16 முதல் 22க்குள் அடங்கிய சாதுவான லாகர், அதாவது குளிரில் புளிக்கவைக்கும் பீர். நான் 38 கொடுத்திருந்தேன். நடுவர்கள் கொடுத்தது 27. காரணம் டயசெட்டில். பீர் புளிக்கும்போது ஈஸ்ட்டின் வேலையால் உண்டாகி, பிறகு அதே ஈஸ்ட்டால் கரைக்கப்பட வேண்டிய பொருள் அது. அவசரப்பட்டு ஈஸ்ட்டைப் பிரித்துவிட்டால் உருக்கிய வெண்ணெய் வாசனையாகப் பீரிலேயே தங்கிவிடும். இரண்டு நடுவர்களும் தாளின் முதல் வரியிலேயே ‘வெண்ணெய், நடுத்தர அளவு’ என்று எழுதியிருந்தார்கள். என் தாளில் அந்தச் சொல்லே இல்லை.

இன்னொன்று ரௌக்பியர். ஜெர்மனியின் பாம்பெர்க் நகரத்து வகை. பீச் மரப் புகையில் உலர்த்திய மால்ட்டில் காய்ச்சுவது. இதற்கு நான் 45 கொடுத்தேன், அவர்கள் 33. நான் உடன்குடிப் பக்கத்துக்காரன். பதநீர் காய்ச்சும் அடுப்பில் பனை ஓலையும் மட்டையும் எரிந்து, மேலே பாகு கருப்பட்டிப் பதத்துக்கு வரும்போது விளை முழுக்க ஒரு வாசனை பரவும். அந்தக் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனதும் ஆச்சியின் குடிசை வாசலில் நின்றேன். புகை மால்ட்டை அமுக்கிவிட்டதையும், பீர் அடர்த்தியின்றி நீர்த்துப்போய் இருந்ததையும் நான் பார்க்கவே இல்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டு எழுதிய தாள் அது. ஆனால் எங்கோ ஒருவர் வாரக்கணக்கில் உழைத்துக் காய்ச்சி, என்ன குறை என்று தெரிந்துகொள்ளக் கொடுத்த பீருக்கு என் ஆச்சியின் நினைவு பதிலாகாது.

ஆக என் பிரச்சினை இரண்டு. எனக்கு எட்டாத வாசனை ஒன்று இருக்கிறது. எனக்கு அளவுக்கு மீறி எட்டுகிற வாசனையும் ஒன்று இருக்கிறது. இதைக் கேட்டு நீங்கள் உங்களைப் பற்றி யோசிக்க வேண்டும். இந்தத் தேர்வில் தடுமாறுகிற பெரும்பாலானோர் படிக்காததால் தடுமாறுவதில்லை. தம் ருசி எந்தப் பக்கம் சாய்கிறது என்று அறியாததால்தான்.

முதலாவதைச் சரிசெய்ய, குறைச்சுவைகளைக் கலந்து பழகும் மாதிரித் தொகுப்பு ஒன்றை எங்கள் ஊர்ப் பீர் மன்றத்து நண்பர்களோடு சேர்ந்து வாங்கினோம். சாதாரண லைட் லாகரில் டயசெட்டிலைக் கலந்து, மூன்று கோப்பை வைப்போம். இரண்டில் வெறும் பீர், ஒன்றில் கலந்தது. எது வேறு என்று கண்டுபிடிக்க வேண்டும். வாரம் ஒருமுறை, ஆறு வாரம். சுற்றி இருந்தவர்கள் கோப்பையைத் தூக்கும்போதே சொல்லிவிடுவார்கள். எனக்கு வாசனையில் ஒன்றுமே வராது. நாலாவது வாரம் மன்றத்தில் மூத்தவரான ஒரு பெண் நடுவர், மூக்கை விட்டுவிட்டு விழுங்கிய பிறகு நாக்கைக் கவனிக்கச் சொன்னார். அப்போதுதான் பிடிபட்டது: நாக்கின் மேல் எண்ணெய் தடவினாற்போல ஒரு வழுவழுப்பு, பல்லின் பின்பக்கம் வரை. அன்று முதல் எந்த லாகரைக் குடித்தாலும் வாயில் உணரும் தன்மையை எழுதும் இடத்தில் ஒரு கணம் நின்று அந்த வழுவழுப்பைத் தேடுகிறேன். மூக்கால் முடியாததை நாக்கு செய்கிறது. டயசெட்டில் எட்டாதவர்கள் உலகில் நிறையப் பேர்; அதற்காகத் தேர்வை விட்டு விலக வேண்டியதில்லை. எந்த வாசனை உங்களுக்கு எட்டவில்லை என்று மட்டும் முதல் மாதமே கண்டுபிடித்துவிடுங்கள்.

காசு செலவழிக்காமலும் பழகலாம். பச்சைப் புட்டி லாகரை நல்ல வெயிலில் கொஞ்ச நேரம் வையுங்கள். ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டு உடைந்து நாற்றமெடுக்கும். கையேடு அதை ஸ்கங்க் நாற்றம் என்கிறது; ஸ்கங்க் என்பது நாற்றத் திரவம் பீச்சும் அமெரிக்கப் பிராணி. அந்தப் பிராணியை நம் ஊரில் யார் பார்த்தார்கள்? ஒருநாள் இரவு நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடந்த ஒன்றைத் தாண்டி வந்தபோதுதான் எனக்கு அந்தச் சொல் விளங்கியது. டப்பாவில் வரும் இனிப்புச் சோளத்தின் தண்ணீரைச் சில சொட்டு கலந்தால், பீரில் வெந்த சோள வாசனை தரும் டி.எம்.எஸ். என்ற கந்தகப் பொருள் பிடிபடும். ஒரு பீரை மாதக்கணக்கில் சூடான இடத்தில் போட்டுவைத்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வரும்.

இங்கேதான் நம்மவர்கள் பலர் தடுக்கி விழுகிறார்கள். கையேட்டின் சொற்களெல்லாம் அமெரிக்க, ஐரோப்பியச் சமையலறையிலிருந்து வந்தவை. ரொட்டியின் மேலோடு, பிஸ்கட், பிளாக் கரண்ட், உலர்ந்த பிளம், குதிரைப் போர்வை. நாம் மோந்து வளர்ந்தவை வேறு. நான் ஒரு நோட்டில் கோடு கிழித்து இடப்பக்கம் எனக்கு முதலில் தோன்றும் சொல்லையும் வலப்பக்கம் தாளில் எழுத வேண்டிய சொல்லையும் குறித்து வந்தேன். ஜெர்மன் கோதுமை பீரில் நன்றாகக் கனிந்த பூவன் பழமும் கிராம்பும். இது இரண்டு பக்கமும் ஒன்றுதான். பெல்ஜியன் விட்பியரில் மல்லி விதை. அதைக் காய்ச்சும்போது நிஜமாகவே மல்லியும் ஆரஞ்சுத் தோலும் சேர்க்கிறார்கள், எனவே நமக்கு அது தாய்மொழி மாதிரி. பெர்லினர் வைஸ் எனக்குப் புளித்த மோர். தாளில் ‘தெளிவான லாக்டிக் புளிப்பு’. பெல்ஜியன் டார்க் ஸ்ட்ராங் ஏல் கருப்பட்டிப் பாகு. தாளில் ‘அடர்ந்த கேரமல், உலர்பழம்’. உங்கள் சொல்லைத் துரத்திவிடாதீர்கள். நினைவு முதலில் தமிழில்தான் எழும்பும். அதைப் பிடித்துக்கொண்டு போனால்தான் மற்ற சொல் சீக்கிரம் வரும்.

என்னோடு சேர்ந்து படித்தது கோயம்புத்தூர்க்காரத் தம்பி ஒருவன். இருவருக்கும் பிடித்தது ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல்) என்ற ஹாப்ஸ் தூக்கலான பீர்தான், ஆனால் வேறு வேறு வகை. எனக்குக் கசப்பு வேண்டும்: வெஸ்ட் கோஸ்ட் ஐ.பி.ஏ., பைன் பிசினும் சாத்துக்குடித் தோலும், தொண்டையில் நிற்கும் கசப்பு. அவனுக்கு ஹேஸி ஐ.பி.ஏ.; மாம்பழச் சாறு மாதிரி கலங்கி, வாயை நிரப்பி, கசப்பு தணிந்து நிற்பது. ஒவ்வொரு சனிக்கிழமையும் என் கார் கொட்டகையில் இதே வழக்கு. “ண்ணா, இதையெல்லாம் எப்டீங்ண்ணா குடிக்கறீங்க? பாவக்காயைப் புழிஞ்சு விட்டாப்ல இருக்குது” என்பான். “உன்னது பீரா தம்பி, பழச்சாறா?” என்று நான் பதிலுக்குக் கேட்பேன்.

ஒருநாள் அவன் பி.டி.சி. என்ற வேதிப்பொருள் தடவிய காகிதக் கீற்றுகள் வாங்கிவந்தான். 1931இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் கண்டது இது: அந்தப் பொருள் சிலருக்குக் கடுங்கசப்பு, சிலருக்கு வெறும் காகிதம். அவன் நாக்கில் வைத்ததும் முகம் சுளித்துக் குழாயடிக்கு ஓடினான். எனக்குக் கீற்று காகிதமாகவே இருந்தது. ஹாப்ஸின் கசப்பை உணர்வது நாக்கில் வேறு ஏற்பிகள். ஆகவே கீற்றை வைத்து யாருக்கு ஐ.பி.ஏ. பிடிக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அன்றைக்கு எங்கள் வழக்கின் தொனி மாறியது. அவன் மிகைப்படுத்தவில்லை, நானும் வீம்புக்குக் குடிக்கவில்லை. ஒரே கோப்பைதான், இரண்டு நாக்குக்குள் இரண்டு பீராகப் போகிறது.

அதன் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். அவனுக்குப் பிடித்ததை நான் எழுதுவேன், எனக்குப் பிடித்ததை அவன் எழுதுவான். ‘பிடித்தது’, ‘பிடிக்கவில்லை’, ‘நன்றாக இருக்கிறது’ என்ற சொற்களுக்குத் தடை. ‘கசப்பு அதிகம்’ என்று எழுதினால் எதைவிட அதிகம் என்று மற்றவன் கேட்பான். அமெரிக்கன் ஐ.பி.ஏ.வுக்குக் கையேடு கொடுக்கும் எல்லை 40 முதல் 70 ஐ.பி.யூ. வரை, ஹேஸிக்கு 25 முதல் 60 வரை. உன் நாக்குக்கு அதிகமா, அந்த வகைக்கு அதிகமா? இந்த ஒரு கேள்வியை ஓராண்டு கேட்டுக்கொண்டே இருந்தோம். போட்டி மேசையில் இரண்டு நடுவர்களின் புள்ளி பொதுவாக 7க்கு மேல் விலகக்கூடாது என்பார்கள். முதல் மாதம் எங்களுக்குள் 12, 14 என்று விலகல். கடைசி மாதம் 3ஐத் தாண்டவில்லை. அவனுக்கு இன்றைக்கும் ஹேஸிதான் பிடிக்கும், எனக்கு இன்றைக்கும் கசப்புதான்.

ஊர்ப் பழக்கமும் நாக்கைச் சாய்க்கும். போர்ட்லாண்டில் வித்மர் சகோதரர்கள் 1986இல் ஹெஃபவைசன் என்ற பெயரில் கோதுமை பீர் காய்ச்சத் தொடங்கினார்கள். ஜெர்மன் பெயர்தான், ஆனால் அவர்கள் பயன்படுத்திய ஈஸ்ட் வேறு, எனவே வாழைப்பழமோ கிராம்போ வராது. அதைக் குடித்தே வளர்ந்த ஒருவர் எங்கள் மன்றத்தில் உண்டு. அசல் பவேரியக் கோதுமை பீரை வைத்தால் ‘பழ வாசனை, புளித்தல் கெட்டுவிட்டது’ என்று குறைத்துப் போடுவார். அந்தந்த வகையை அது பிறந்த ஊர்ப் புட்டியிலேயே இரண்டு மூன்று வாங்கிக் குடித்துப் பார்ப்பதைத் தவிர இதற்கு மருந்து இல்லை.

தேர்வு நாளுக்குச் சில நடைமுறைகள். முந்தின நாளிலிருந்து ஊறுகாய், வெங்காயம், காரம் வேண்டாம். வாசனைச் சோப்பும் தலைக்கு மணமெண்ணெயும் வேண்டாம். உங்களுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவருக்கும் அது இடைஞ்சல். கோப்பை வந்ததும் பார்ப்பதற்கு முன் மோந்துவிடுங்கள். சில வாசனைகள் அரை நிமிடத்தில் பறந்துவிடும். பீர் மிகக் குளிர்ச்சியாக வந்தால் உள்ளங்கையால் பொத்திச் சூடேற்றுங்கள். ஒவ்வொரு வரியிலும் அளவு சொல்லுங்கள்: குறைவு, நடுத்தரம், அதிகம். ‘தானிய வாசனை’ என்று மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண்தான். ஒரு குணம் இல்லையென்றால் இல்லை என்றே எழுத வேண்டும். வெற்றுக் கோடு முழுமைக்கான மதிப்பெண்ணைத் தின்றுவிடும். ஒரு பீருக்கு 15 நிமிடம்தான், ஆகையால் வீட்டில் கடிகாரம் வைத்து எழுதிப் பழகுங்கள். திரும்பி வரும்போது வண்டி ஓட்ட வேறு ஆள் ஏற்பாடு செய்துவிடுங்கள்.

சான்றிதழ் வந்தபின் நான் உட்கார்ந்த முதல் போட்டியில் எனக்குக் கொடுத்தது ஹேஸி ஐ.பி.ஏ. மேசை. ஒன்பது பீர். ஆறாவது கோப்பை பழுத்த மாம்பழமும் அன்னாசியும், வாயில் மெத்தென்ற அடர்த்தி, வகைக்கு ஏற்ற கலங்கல். நான் விரும்பிக் குடிக்கும் பீர் அல்ல. 40 போட்டேன், எதிரே இருந்த நடுவர் 41. காய்ச்சியவருக்கான இடத்தில் இப்படி எழுதினேன்: ‘பழ வாசனை மிகத் தெளிவு, இதை மாற்ற வேண்டாம். கடைசியில் போடும் ஹாப்ஸை ஒருநாள் முன்னதாக எடுத்துப் பாருங்கள். தொண்டையில் நிற்கும் பச்சிலைக் காறல் குறையும்.’