படித்துக் காட்டப்பட்டது

ஆவணங்களை மொழிபெயர்ப்பதும், கைநாட்டு வைப்பவர்களுக்குப் படித்துக் காட்டுவதும் என் தொழில். ‘படித்துக் காட்டி, பொருள் விளக்கப்பட்டது’ என்று அடியில் எழுதிக் கையெழுத்திடுவேன். பல ஆண்டுகளாக அந்த வரியைக் கை தானாகவே எழுதிவந்தது. ஆப்பிரிக்க வரலாற்று நூல் ஒன்றைத் தமிழாக்கும் வேலை வந்தபோது, அதே வரியை 1888ஆம் ஆண்டுத் தாள் ஒன்றில் பார்த்தேன்.

அக்டோபர் 30 அன்று, இன்றைய ஜிம்பாப்வேயில் வாழும் இண்டெபெலே மக்களின் மன்னர் லோபெங்குலா அதில் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருக்கல் குறி போட்டார். கொண்டுவந்தவர், தென்னாப்பிரிக்காவின் ஆங்கிலேயச் சுரங்க முதலாளி செசில் ரோட்ஸின் கூட்டாளி சார்லஸ் ரட். மன்னருக்கு மாதம் 100 பவுண்டு, 1,000 துப்பாக்கிகள், ஒரு லட்சம் தோட்டாக்கள், ஜாம்பேசி ஆற்றில் ஓட ஒரு நீராவிப் படகு. பதிலுக்கு நாட்டின் கனிமங்கள் அனைத்தும். மொழிபெயர்த்த பாதிரியார் சார்லஸ் ஹெல்ம், மன்னருக்கும் அவருடைய சபைக்கும் முழுமையாக விளக்கியதாகச் சான்று எழுதியிருக்கிறார்.

பத்து வெள்ளையருக்கு மேல் வரமாட்டோம், இந்நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்படுவோம் என்று ரட்டும் அவருடைய ஆட்களும் வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். தாளில் அது இல்லை. கனிமங்களை எடுக்கத் ‘தேவை என்று தாங்கள் கருதும் எல்லாவற்றையும் செய்ய முழு அதிகாரம்’ என்பதுதான் இருந்தது. ‘தாங்கள் கருதும்’ என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். எது தேவை என்று கருதப்போவது மன்னர் அல்லர், வந்தவர்கள்.

விவரம் புரிந்ததும் மன்னர் இரண்டு பெரியவர்களை லண்டனுக்கு, விக்டோரியா அரசியிடம் அனுப்பினார். பலனில்லை. 1889இல் ரோட்ஸின் கம்பெனிக்கு, அப்பகுதியை நிர்வகிக்க அனுமதிக்கும் பிரிட்டிஷ் அரச சாசனம் கிடைத்தது. மறு ஆண்டே நூற்றுக்கணக்கானோர் ஆயுதங்களோடு வந்து இறங்கினர். 1893இல் மாக்சிம் என்ற இயந்திரத் துப்பாக்கிகளோடு போர். பிறகு க்வாய், ஷங்கானி என்ற வறண்ட நிலங்கள் அம்மக்களுக்கு ஒதுக்கப்பட்டன. குடிசைக்கு 10 ஷில்லிங் வரி. அந்தக் காசுக்கு வெள்ளையரிடமே கூலிக்குப் போக வேண்டியிருந்தது.

அந்தப் பத்துப் பேர் வாக்குறுதியை ஹெல்ம் மறக்கவில்லை. 1889இல் தம் மிஷனுக்கு எழுதிய கடிதத்தில் அதைச் சொல்கிறார். தெரிந்தேதான் சான்று கொடுத்திருக்கிறார். என்னால் அவரை மன்னிக்க முடியவில்லை.

அதே வாரம் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் வந்தது. மூதாட்டியின் கட்டைவிரலில் மை தடவியாகிவிட்டது. “கிணற்றுத் தண்ணீரில் எனக்கும் பங்கு உண்டு என்று பெரியவன் சொன்னானே, அது எங்கே இருக்கிறது, தம்பி?” என்று கேட்டார். எங்கும் இல்லை. “அதெல்லாம் பேசிக்கொண்டதுதானே” என்றார் மகன். நான் தாளை இழுத்துக்கொண்டேன். விரலில் மையோடு அந்த அம்மா பெஞ்சில் காத்திருக்க, கிணற்றுக்கு ஒரு வரி சேர்த்து, பத்திரத்தை முதலிலிருந்து தட்டச்சு செய்தோம்.